குளிரைக் கட்டிக்கொண்டு போன கதை

வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் சின்னச் சமையல் மேடையும் போட்டுக்கொண்டு காசி வரை போய்வரும் ஆசை இப்போது நம் வயதுக்காரர்கள் பலருக்கு வந்திருக்கிறது. காலையில் மாடவீதியில் நடக்கும் எங்கள் கூட்டத்திலும் நாலு பேர் தயார். அவர்களில் இருவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள். அதனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஃபிரிட்ஜில் வந்து நிற்கிறது. கேஸில் ஓடுவதா, பேட்டரியில் ஓடுவதா, ஐஸ் பெட்டியே போதுமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கிறது. அது தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகும்.

1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. அனுப்பியவர் ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி. நாலு மாதப் பயணம்; பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் இருந்தது. மெஷின் எதுவும் கிடையாது. வெப்பம் உள்ளே புகாதபடி மரத்தூள் போன்றவற்றால் சுற்றிலும் அடைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பின்னாளில் அது பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலின் வீடாயிற்று. 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதும் அங்கேதான். 1874-இல் சென்னையிலேயே ஐஸ் தயாரிக்கும் கம்பெனி தொடங்கியது. கப்பல் ஐஸ் வியாபாரமும் மெல்லப் படுத்துவிட்டது. ஆனால் மரத்தூள் போகவில்லை. நம் ஊர் சர்பத் கடைகளில் சாக்கும் மரத்தூளும் போர்த்திய ஐஸ் பாரைப் பார்க்காதவர் நம்மில் யார்? குச்சி ஐஸ்காரரின் மரப்பெட்டியும் அதே வித்தைதான்.

அடுத்து வந்தது நெருப்பால் குளிரூட்டும் பெட்டி. 1922-இல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் இதை உருவாக்கினார்கள். அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்கினால் அம்மோனியா ஆவியாகப் பிரியும். அது திரவமாகி, மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஓடும் பாகம் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. கரண்ட் எட்டாத கிராமத்துச் சுகாதார நிலையங்களில் மண்ணெண்ணெயில் எரிந்த ஃபிரிட்ஜ் இந்த வகைதான். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. சுடர் நீலமாக எரிய வேண்டும். பெட்டி ஆடாமல் சமமாக நிற்க வேண்டும்.

1960, 70-களில் ஐரோப்பாவிலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே வேனில் இந்தியா வந்த வெள்ளைக்காரர்கள் நினைவிருக்கும். 1979-இல் அந்த இரு நாடுகளிலும் ஏற்பட்ட கலவரங்களோடு அந்தப் பாதை அடைபட்டது. அந்தக் காலத்து ஃபோக்ஸ்வேகன் வேன்கள் பலவற்றில் இருந்தது வெறும் ஐஸ் பெட்டி. பிறகு வந்த மாடல்களில் கேஸ், வீட்டு மின்சாரம், வண்டி பேட்டரி மூன்றிலும் ஓடும் அம்மோனியா ஃபிரிட்ஜ் வந்தது. குளிர்நாட்டில், ஒரே இடத்தில் நாலு நாள் வேனை நிறுத்தி ஓய்வெடுப்பவர்களுக்கு அது நல்ல சாமான். நம் சித்திரை வெயிலில் அது திணறும். வண்டி சரிந்து நின்றாலும் சரியாக வேலை செய்யாது. ஓடும் வண்டியில் கேஸ் சுடர் எரிவது ஆபத்து. பேட்டரியில் ஓட்டலாம் என்றால் சுமார் 10 ஆம்பியர் கேட்கும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம் என்பதால் ஐந்து மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

வண்டியின் லைட்டர் துளையில் செருகும் மலிவான சின்னப் பெட்டியும் கிடைக்கிறது. 1834-இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட தத்துவம் அது. வெளிச் சூட்டைவிட ஏறக்குறைய 20 டிகிரி குறைக்கும். நமக்கு வெளியே 40 என்றால் உள்ளே 20. மோருக்குச் சரி; 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய, இன்னும் பிரிக்காத இன்சுலினுக்கு ஆகாது.

மிச்சம், வீட்டு ஃபிரிட்ஜ் போலவே கம்ப்ரஸரில் ஓடும் 12 வோல்ட் பெட்டி. 40 லிட்டர் பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுத்தாலும், குளிர்ந்ததும் நின்று நின்று ஓடுவதால் சராசரி பாதிதான். அதே பேட்டரியில் ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். சரிவில் நின்றாலும் சாதாரணமாகப் பாதகமில்லை.

ஆனாலும் மெஷினை மட்டும் நம்ப வேண்டாம் என்பதைத் தடுப்பூசித் துறையிடம் கற்கலாம். 1985-இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் வந்தபின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு வகைப் பெட்டி வந்தது. மேலே திறக்கும் மூடி, சுவரைச் சுற்றி ஐஸ். ஒரு நாளில் எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தாலே போதும், குளிர் நிற்கும். குளிர்காற்று கனமானது, முன்கதவைத் திறந்தால் கீழே கொட்டிவிடும், மேல்மூடியைத் திறந்தால் உள்ளேயே கிடக்கும். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போகும் செவிலியர் கையில் இருப்பது நாலு ஐஸ் பைகள் வைத்த பெட்டி. அந்தப் பைகளை எடுத்தவுடன் வைக்கமாட்டார்கள். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருப்பார்கள். உறைந்தால் சில ஊசி மருந்துகள் கெட்டுவிடும். இன்சுலினும் அப்படித்தான்.

ஆகவே காசிக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: மேலே திறக்கும் கம்ப்ரஸர் பெட்டி. வண்டி ஓடும்போது நன்றாகக் குளிரவிடுங்கள். உள்ளே இரண்டு ஐஸ் பைகள் கிடக்கட்டும், இரவுக்கு உதவும். மருந்தை அவற்றில் ஒட்டாமல் துணி சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள், கூடவே ஒரு சின்ன தெர்மாமீட்டரும். வேனை நிழலில் நிறுத்துங்கள். ஒரே நாளில் திரும்பும் பயணமென்றால் மீன்காரர் வைத்திருப்பது போன்ற தெர்மோகோல் பெட்டியே போதும். பணத்தை வீணாக்க வேண்டாம். குளிரை உண்டாக்க எத்தனையோ வழி வந்துவிட்டது. அதைத் தப்பவிடாமல் காப்பதில்தான் டியூடர் கப்பல் முதல் இன்றுவரை சாமர்த்தியம்.