ஊமையும் செவிடும்: சப்பிரகமுவத் தோட்டங்களில் ஓர் அறிவின் வரலாறு

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்று 28ஆம் செய்யுளில், மக்கட் பிறப்பில் நேரும் எண்வகை எச்சங்களைத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் ஊமை ஒன்று, செவிடு பிறிதொன்று. ஒன்று மற்றொன்றின் விளைவாகலாம் என்னும் எண்ணம் அத்தொகுப்பிற் புலப்படவில்லை. இதற்காகப் புலவரைக் குறைகூறுதல் பொருந்தாது. ஐரோப்பாவிலும், 16ஆம் நூற்றாண்டில் பெத்ரோ போன்ஸ் என்னும் ஸ்பானியத் துறவி செவிடராய்ப் பிறந்த சிறுவர்க்குப் பேசக் கற்பித்துக் காட்டும்வரை, அத்தகையோர் பேச இயலாதோர் என்றே கற்றோர் பலரும் கருதியிருந்தனர்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இப்பழைய பிரிவினை நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. பிள்ளை பேசத் தாமதித்தால் பெற்றோரின் கவனம் நாவின்மீதே சென்றது. வசம்பை உரைத்து நாவிலே தடவினர்; கோயிலுக்கு நேர்ந்துகொண்டனர்; "அவன் மாமனும் நாலு வயதிலேதான் பேசினான்" என்று கூறி ஆறுதலடைந்தனர். சீழ் வடிந்தபோதுதான் காது நினைவுக்கு வந்தது. அப்போதும் வெள்ளைப்பூண்டிட்டுக் காய்ச்சிய எண்ணெயே கைகண்ட மருந்தாயிற்று. செவிப்பறையில் துளை விழுந்திருப்பின் அதுவே தீங்காகும் என்பதை எடுத்துக்கூற ஆளில்லை.

இதனை அறியாமை என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் எளிது, ஆயின் நியாயமாகாது. செவிப்புலனற்ற குழந்தையும் முதற் சில மாதங்கள் மழலை ஒலிகளை எழுப்பவே செய்யும். பிரட்டுக்கு ஆள் கூட்ட அடிக்கும் தப்பின் அதிர்வு லயத்தின் தரையிலும் சுவரிலும் பரவும். கனத்த தாழ்ந்த ஒலி மட்டும் ஓரளவு கேட்கும் குழந்தைகளும் உளர். தப்புச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையைச் செவிடென எந்தத் தாய் நம்புவாள்? அன்றியும், விடியற்காலையில் மலைக்கேறிய தாய் பகற்பொழுதிற் பிள்ளையை நெருங்கியிருந்து கவனித்தவள் அல்லள். பிள்ளை மடுவத்தின் இரைச்சலில், பல குழந்தைகளை ஒருங்கே பார்த்த ஆயாவுக்குச் சத்தமிடாத குழந்தை நல்ல குழந்தையாகவே தோன்றியிருக்கும்.

தோட்ட மருத்துவத்தின் வரலாற்றையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1912இல் வந்த அதன் விரிவும் தொழிலாளரை உயிருடன், உழைக்கும் நிலையில் வைத்திருப்பதையே தலையாய நோக்கமாகக் கொண்டவை. 1916இல் றொக்பெலர் நிறுவனத்தின் உதவியுடன் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சியும் உழைப்பாற்றலைக் குறைக்கும் நோயையே குறிவைத்தது. செவிட்டுத்தன்மை ஆளைக் கொல்வதில்லை, பேர்ப்பதிவிலிருந்து அகற்றுவதுமில்லை. கொழுந்து பறிக்கவும் இறப்பர்ப் பால் வெட்டவும் கண்ணும் கையும் போதும். காது கேளாத சிறுமி வளர்ந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு நிரையில் நின்றாள்; துரைத்தனத்துக்கு அவளாற் குறையேதும் தோன்றவில்லை. குறையைத் தேடவேண்டிய தேவை நிருவாகத்துக்கு எழாதபோது, அறிவு மட்டும் லயத்தை வந்தடைவது எங்ஙனம்?

கல்வியின் நிலையும் இதுவே. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் துரையின்மீது சுமத்தியது. ஒரே ஆசிரியரைக் கொண்ட பாடசாலையில், அழைத்தபோது திரும்பாத மாணவன் மந்தன் எனப்பட்டான். சிலவேளை அடியும் பட்டான்.

பிற்கால ஆய்வுகள் காலத்தின் அருமையை உணர்த்தின. ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்ட குழந்தைகள் பிந்திக் கண்டறியப்பட்டோரைவிட மொழித்திறனில் தெளிவாக முன்னின்றனர் என்பதை 1998இல் யோஷினாகா-இத்தானோ குழுவினர் அமெரிக்காவிற் காட்டினர். கருவுற்ற தாயைப் பற்றும் ருபெல்லா பிள்ளையின் செவியைக் கெடுக்கும் என்பது 1940களிலேயே அறியப்பட்டதாயினும், அதற்கான தடுப்பூசி இலங்கையில் 1996இலேயே நடைமுறைக்கு வந்தது. உறவுமுறைத் திருமணத்தாற் சில பரம்பரைச் செவிட்டுத்தன்மைகள் மிகுதற்கும் இடமுண்டு. மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் இதனைக் குற்றச்சாட்டாகத் தொனிக்காமற் சொல்லவல்ல, தமிழ் பேசும் மருத்துவமாது வேண்டும். மலையகத்தின் பிற பகுதிகளைப் போலன்றிச் சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்கள் சிதறிக்கிடக்கும் சப்பிரகமுவவில் அத்தகையோர் கிடைப்பது அரிதாயிருந்தது.

குறையை உணர்ந்த பெற்றோருக்கும் வழி நெடியதே. மேரி சப்மன் அம்மையார் 1912இல் தொடக்கிய பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைகொண்டது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென நவீல்ட் பாடசாலை 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் எழுந்தது. தெரணியகலையிலோ இறக்குவானையிலோ நாட்சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்துக்குக் கைதடி என்பது தீவின் மறுகோடி. போர்க்காலத்திற் கண்டி - யாழ்ப்பாண வீதி ஆண்டுக்கணக்காக மூடப்பட்டபோது அதுவும் எட்டாததாயிற்று. கிட்டிய சிங்கள மொழிமூலப் பாடசாலையிற் சேர்ந்த பிள்ளை ஆசிரியரின் உதட்டசைவைச் சிங்களத்திற் படித்தது. விடுமுறைக்கு லயத்துக்குத் திரும்பியபோது அதன் எதிரே அசைந்த தாயின் உதடுகள் தமிழ் பேசின.