ஐதராபாத் ஆட்சியாளர்களின் சமய நோக்கும் மொழித் தேர்வும்

1. முன்னுரை

ஆட்சியாளர் சமயத்தை எவ்வாறு நோக்கினர் என்னும் வினாவிற்கு, அவர்கள் எழுப்பிய வழிபாட்டிடங்களையும் வழங்கிய மானியங்களையும் இடித்த கோயில்களையும் கணக்கிட்டு விடை கூறுதல் பெருவழக்காகும். அக்கணக்கு தேவையானதே, எனினும் அது மட்டும் போதாது. ஆட்சியாளர் தம் குடிகளிடம் எம்மொழியில் பேசினர் என்பதும் உடன்வைத்து நோக்கத்தக்கது. ஐதராபாத் வரலாற்றில் இவ்விரு கணக்குகளும் ஒத்துச் செல்லவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. குதுப் ஷாஹியர் காலம்

கோல்கொண்டாவை 1518 முதல் 1687 வரை ஆண்ட குதுப் ஷாஹியர் ஷியா முஸ்லிம்கள். அரசின் சமயம் எது என்பதில் அவர்கள் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. முகம்மது குலி 1591இல் ஐதராபாத் நகரை அமைத்தார். முகரம் நாள்களில் புனிதக் கொடிச்சின்னங்களை நிறுத்துவதற்கென அந்நகரில் பாதுஷாஹி ஆஷூர்கானாவையும் கட்டினார்.

மொழியைப் பொறுத்தவரை அவர்கள் ஒன்றோடு நிற்கவில்லை. அரசாணைகள் பலவற்றில் பாரசீகத்துடன் தெலுங்கும் இடம்பெற்றது. முகம்மது குலி தக்கினி மொழியில் கவிதை இயற்றினார். முகரமும் வசந்த விழாவும் அவருக்குப் பாடுபொருளாயின. அவர் தந்தை இப்ராஹீம் (1550–1580) அரியணை ஏறுமுன் ஏறத்தாழ ஏழாண்டுகள் விசயநகரத்தில் அடைக்கலம் பெற்றிருந்தவர். தெலுங்குப் புலவர்களைப் புரந்தவர். அப்புலவர்கள் அவரை 'மல்கிபராம' எனத் தம் மொழியின் ஒலிமரபிற்கு ஏற்ப அழைத்தனர். அத்தெலுங்கு ஈடுபாடு 1565இல் விசயநகரத்திற்கு எதிரான கூட்டணியில் அவர் சேர்வதைத் தடுக்கவில்லை. ஆகவே அதனை அன்பின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அது ஆட்சிமுறையின் ஒரு கூறுமாகும்.

இம்முறையின் விளைவு மக்கள் வழக்கில் பதிந்துள்ளது. தெலங்கானாச் சிற்றூர்களில் முகரம் 'பீர்ல பண்டுக' எனப்படும். பாரசீகத்தில் ஞானியைக் குறிக்கும் 'பீர்' என்னும் சொல், இங்குக் கொடிச்சின்னத்தையே குறிக்கலாயிற்று. இந்துக்களும் பங்குகொள்ளும் இவ்விழாவை 'முகரம் துக்கநாள்' என மொழிபெயர்ப்பின், அச்சொல்லில் உறையும் வரலாறு மறைந்துவிடும்.

கோல்கொண்டாவின் வீழ்ச்சியும் சமயத்தின் பெயரால் நியாயப்படுத்தப்பட்டது. அபுல் ஹசன் தானா ஷா, மாதண்ணா, அக்கண்ணா என்னும் பிராமணச் சகோதரர்களிடம் நிருவாகத்தை ஒப்படைத்தமை ஔரங்கசீப் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. அவ்விருவரும் 1686இல் கொல்லப்பட்டனர். மறு ஆண்டில் கோட்டை வீழ்ந்தது. ஆயின் முஸ்லிம் அரசர்மீது தொடுக்கும் இப்போரை நியாயமெனக் கூற ஔரங்கசீப்பின் தலைமைக் காஜியே இசையாது பதவி துறந்தார். சமயம் கூறியதும் அரசன் சமயத்தின் பெயரால் கூறியதும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

3. ஆசஃப் ஜாஹியர் காலம்

1724 முதல் தக்காணத்தை ஆண்ட ஆசஃப் ஜாஹியரின் இறுதி அரசர் உஸ்மான் அலி கான் (1911–1948). பிற சமயத்தார்க்கு அவர் வழங்கிய கொடைகள் பல. புனே பண்டார்கர் நிறுவனத்தின் மகாபாரதப் பதிப்பிற்கும் அவர் நிதியளித்தார். முஸ்லிம் உலகின் தலைமையிலும் அவர் நாட்டம் கொண்டிருந்தார். எனினும் 1914இல் துருக்கி போரில் இறங்கியபோது, ஆங்கிலேயர்பால் விசுவாசமாக இருக்குமாறு முஸ்லிம்களை வேண்டினார். 1931இல் தம் மூத்த மகனுக்குப் பதவியிழந்த கலீபாவின் மகளை மணமுடித்தார். சூழலுக்கேற்பச் சமயம் இருவேறு வகையில் பயன்பட்டமை இங்கு வெளிப்படை.

அவர் 1918இல் நிறுவிய உஸ்மானியா பல்கலைக்கழகம் இந்திய மொழியொன்றில் உயர்கல்வி புகட்டிய முன்னோடி முயற்சியாகும். அதற்கென 1917இல் தோன்றிய 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்புத் துறை பல்துறை நூல்களை உருதுவிற்குக் கொணர்ந்தது. அங்கு முஸ்லிம் மாணவர்க்குத் 'தீனியாத்' (சமயக் கல்வி), பிறர்க்கு 'அக்லாகியாத்' (அறநெறி) எனப் பாடம் பிரிக்கப்பட்டது. சமய வேறுபாட்டிற்கு இடமளித்த அப்பாடத்திட்டம் மொழி வேறுபாட்டிற்கு அவ்வாறு இடமளிக்கவில்லை. தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசியோர் மிகுந்த நாட்டில் பயிற்றுமொழி உருது ஒன்றே. குதுப் ஷாஹியரின் தெலுங்கு ஆணைகளோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும்.

4. 1921ஆம் ஆண்டு நிகழ்வு

இம்முரண்பாட்டை இந்து–முஸ்லிம் பூசல் என்று மட்டும் கருதுதல் பிழையாகும். 1921 நவம்பரில் ஐதராபாதில் தோ. கே. கார்வே தலைமையில் சமூகச் சீர்திருத்த மாநாடு நடைபெற்றது. பிறமொழிப் பேச்சுகளைக் கேட்ட அவை, ஆலம்பள்ளி வேங்கடராமராவ் தெலுங்கில் பேச எழுந்தபோது கூச்சலிட்டு எள்ளியது. எள்ளியோரில் மராத்தி பேசிய இந்துக்கள் பலர். அந்த அவமதிப்பே ஆந்திர ஜன சங்கம் தோன்றக் காரணமாயிற்று. தெலங்கானாவில் கவிஞரே இல்லை என்ற கூற்றை மறுத்து, சுரவரம் பிரதாப ரெட்டி 1934இல் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கவிஞர்களின் பாடல்களைத் 'கோல்கொண்ட கவுல சஞ்சிக' எனத் தொகுத்தார். தொகுப்பின் பெயரில் இடம்பெற்றது கோல்கொண்டா என்பது நோக்கற்பாலது.

5. முடிவுரை

1947–48இல் ரசாக்கர்களின் வன்முறையும், 1948 செப்டம்பர் இராணுவ நடவடிக்கையை அடுத்து முஸ்லிம்கள்மீது நிகழ்ந்த வன்முறையும், சமயத்தை அரசியற் கருவியாக்கியதன் விலையை உணர்த்தின. அவ்விலையில் ஒரு பங்கை மொழியும் செலுத்தியது. உஸ்மானியாவில் உருதுவின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. தக்காண மண்ணில் வளர்ந்து, எல்லாச் சமயத்தாரும் பயின்ற ஒரு மொழி, வீழ்ந்த அரசனின் சமயத்திற்கு உரியது எனப் பலரால் கருதப்படலாயிற்று. ஐதராபாதில் 1998இல் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும், 2017இல் தெலங்கானா அரசு உருதுவை இரண்டாம் ஆட்சிமொழியாக்கியதும் அம்மொழிக்கு மீண்டும் இடமளித்த முயற்சிகளாகும்.

ஆகவே ஓர் அரசனின் சமயப் பொறையை அளக்க அவன் வழங்கிய கொடைகள் மட்டும் போதா. குடிகளின் மொழியை ஆட்சியிலும் கல்வியிலும் அவன் ஏற்றானா என்பதும் அளவுகோலாதல் வேண்டும். பழைய ஆணைகளைப் பெயர்ப்போரும் பதிப்போரும், ஓர் ஆணை எம்மொழிகளில் எழுதப்பட்டது என்பதை அதன் பொருளோடு சேர்த்தே பதிவுசெய்தல் இதனால் இன்றியமையாததாகிறது.