இரத்தத்தைக் கண்டால் மயக்கமா? தசைகளை இறுக்கிப் பழகுவோம்

இரத்தத்தையோ ஊசியையோ கண்டு மயங்கி விழுபவரை நாம் 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்துவிடுகிறோம். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விடயமல்ல. நீரிழிவு நம்மவரிடையே அதிகம். அதைக் கண்டறியவும் கட்டுப்படுத்தவும் பிராண்டேயில் குடும்ப வைத்தியரிடமோ கோட்ஸ்ட்ரூப் வைத்தியசாலையிலோ இரத்தம் கொடுத்தே ஆகவேண்டும். மயங்கிவிடுவோம் என்ற வெட்கத்தில் அதைத் தள்ளிப்போட்டால், நோய் சத்தமில்லாமல் முற்றிவிடும்.

ஏன் மயக்கம் வருகிறது?

நாய்க்கோ உயரத்துக்கோ பயப்படும்போது இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும். அதனால் மயக்கம் வருவது அரிது. இரத்தப் பயத்திலோ முதலில் ஏறும் அழுத்தம் சடுதியாக இறங்கிவிடும், இதயத்துடிப்பும் குறையும். மூளைக்குப் போகும் இரத்தம் குறைவதால் கண் இருட்டி, வியர்த்து, ஆள் சரிந்துவிடுவார். இந்தப் பயம் பல குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வது. கோழைத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆகவே "உடம்பைத் தளரவிடு" என்று நாம் சொல்லும் புத்திமதி இங்கே பொருந்தாது. அழுத்தத்தை ஏற்றுவதுதான் வழி.

இறுக்கும் பயிற்சி

சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இது:

1. கதிரையில் அமர்ந்து கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.
2. முகத்தில் சூடு ஏறும்வரை, 10 முதல் 15 செக்கன்கள் பிடித்திருங்கள்.
3. இறுக்கத்தை விடுங்கள், ஆனால் முற்றாகத் தளர வேண்டாம். 20 முதல் 30 செக்கன்கள் பொறுங்கள்.
4. இவ்வாறு ஐந்து தடவை செய்யுங்கள்.

ஒரு வாரம் வீட்டில் தினமும் பழகிவிட்டு, பரிசோதனையின்போது செய்யுங்கள். ஊசி ஏற்றும் கையை மட்டும் தளர்வாக வைத்து, மற்றக் கையையும் கால்களையும் இறுக்குங்கள். உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

"எனக்கு மயக்கம் வருவதுண்டு" என்று தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். படுக்கவைத்தே இரத்தம் எடுப்பார்கள். மொழிபெயர்க்கக் கூடவரும் பிள்ளைக்கும் இந்தப் பயம் இருக்கக்கூடும். ஊசி ஏற்றும்போது பிள்ளையை வெளியே இருக்கவிடுங்கள்.

ஒருவர் மயங்கினால்

மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். நினைவு திரும்பும்வரை தண்ணீர் பருக்காதீர்கள். உடனே எழுப்பி நிறுத்தவும் வேண்டாம். ஓரிரு நிமிடங்களில் தெளியாவிட்டாலோ, நெஞ்சுவலி இருந்தாலோ, மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 112ஐ அழையுங்கள். ஓடும்போதோ காரணமின்றியோ வரும் மயக்கம் வேறு வகை. அதை வைத்தியரிடம் கட்டாயம் காட்டவேண்டும்.

தள்ளிப்போட்ட பரிசோதனை ஏதும் இருந்தால், இன்றே பயிற்சியைத் தொடங்கி அடுத்த வாரத்துக்கு நேரம் எடுங்கள்.