சரளை மேட்டின் விலை

பிரான்சின் தென்மேற்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடக்கரையில் நீண்டு கிடக்கிறது மெடோக். அதன் சிவப்பு ஒயின் எதனால் உயர்ந்தது என்று கேட்டால், மண்ணால் என்பதே வழக்கமான பதில். அது முழுப் பொய்யல்ல. ஆறு அடித்துவந்து குவித்த சரளை மேடுகள் அங்கே உண்டு. மழைநீர் தேங்காமல் இறங்கிவிடும். வேர் நீரைத் தேடி ஆழத்துக்குப் போகும். மெதுவாகப் பழுக்கும் காபர்னே சாவின்யோன் திராட்சைக்குக் கூழாங்கல்லின் கதகதப்பு உதவும். ஆனால் அந்த மேடுகள் மனிதன் ஒயின் வடிக்கத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே கிடக்கின்றன. மெடோக்கின் பெயரோ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஒயின் வியாபாரத்தில் பெரிதாக அடிபடவில்லை. மண் அப்படியே இருக்க, புகழ் மட்டும் பிந்தி வந்திருக்கிறது. அதற்கான காரணம் சட்டத்திலும் சந்தையிலும் இருக்கிறது என்பது என் கட்சி.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 1152இல் அக்கித்தேன் சீமையின் வாரிசான எலினோர் ஹென்றியை மணந்தாள். இரண்டே ஆண்டுகளில் அவன் இங்கிலாந்தின் அரசனானான். அதிலிருந்து 1453 வரை, மெடோக்கை அடுத்து அச்சீமையில் இருந்த போர்டோ துறைமுகம் இங்கிலாந்து அரசர்களின் கையில் இருந்தது. லண்டன் அதன் வீட்டுச் சந்தையானது. ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கஹோர், கய்யாக் ஊர்களிலும் நல்ல ஒயின் விளைந்தது. கஹோரின் கருஞ்சிவப்பு ஒயின் திடத்துக்குப் பெயர் போனது. ஆனால் கடலுக்குப் போகும் வழி போர்டோ. அந்நகரத்தார் 13ஆம் நூற்றாண்டிலேயே அரசனிடம் சலுகை வாங்கிவிட்டார்கள்: தங்கள் சரக்கு முதலில் விற்க வேண்டும், அதுவரை மேலூர் ஒயின் நகருக்குள் இறங்கக் கூடாது. காத்திருந்து உள்ளே வருவதற்குள் இலையுதிர்காலக் கப்பல்கள் புறப்பட்டுப் போயிருக்கும். மன்னர்கள் மாறினார்கள், சலுகை மாறவில்லை. 1776இல் அமைச்சர் துர்கோ ஒழிக்கும் வரை நீடித்தது. கஹோர் தோற்றது மண்ணால் அல்ல, சுங்கத் துறையின் வாசலில்.

இருந்தாலும் அந்தக் காலத்து போர்டோ ஒயின் இன்று நாம் கேள்விப்படும் சரக்கல்ல. வெளிறிய சிவப்பு, அந்த வருடத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது, புது ஒயின் வந்தால் பழையது விலை போகாது. அதை மாற்றியதில் ஹாலந்து வியாபாரிகளுக்குப் பெரும் பங்குண்டு. கந்தகத்தில் தோய்த்த திரியைக் கொளுத்திக் காலிப் பீப்பாய்க்குள் புகையேற்றி, பிறகு ஒயினை ஊற்றும் முறையைப் பரப்பியவர்கள் அவர்களே. ஒயின் கெடாமல் ஆண்டுக்கணக்கில் நின்றது. மெடோக்கின் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்ததும் ஹாலந்துப் பொறியாளர்கள்தான். பிறகு வந்தது லண்டன் மோகம். நகரை ஒட்டிய ஓ-பிரியோன் தோட்டம் போர்டோ நீதிமன்றத் தலைவர் அர்னோ த பொந்தாக்குக்குச் சொந்தம். அவர் தன் ஒயினைத் தோட்டத்தின் பெயரிலேயே விற்றார். 1663 ஏப்ரலில் லண்டன் மதுக்கடை ஒன்றில் அதைக் குடித்த சாமுவேல் பெப்பிஸ், அதன் தனிச் சுவையை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1703இல் போர்ச்சுகலுடன் இங்கிலாந்து செய்த ஒப்பந்தத்துக்குப் பின் பிரெஞ்சு ஒயினுக்கு வரிச்சுமை நிலைத்துவிட்டது. வரி அளவுக்கே தவிர விலைக்கு அல்ல. மலிவான ஒயினுக்கும் அதே வரி என்றால் யார் அதை ஏற்றி அனுப்புவார்கள்? விலையுயர்ந்த சரக்கு மட்டுமே கட்டுபடியானது. லஃபித், மார்கோ, லத்தூர் ஆகிய மெடோக் தோட்டங்கள் தலைதூக்கியது இந்தச் சூழலில்தான்.

விலை என்பது சுவையின் நிழல், சுவை மண்ணின் நிழல், ஆகவே எல்லாம் மண்ணில்தானே போய் முடிகிறது என்று ஒருவர் வாதிடலாம். 1677இல் ஓ-பிரியோனை நேரில் பார்த்த தத்துவவாதி ஜான் லாக்கும், எதுவும் விளையாது என்று தோன்றும் சரளை கலந்த வெண்மணலைத்தான் குறித்துக்கொண்டார். நியாயமான வாதம். ஆனால் அதே நூற்றாண்டின் ஹாலந்து வியாபாரிகள் விரும்பி வாங்கியது சரளை மேட்டின் ஒயினை அல்ல, ஆற்றோர வண்டல் நிலத்தின் கனத்த ஒயினை. எந்த மண் நல்ல மண் என்பதை வாங்குபவனே முடிவு செய்தான். மேலும், நல்ல விலை கிடைத்தவனால்தான் சொத்தைக் குலையைக் கழிக்கவும், புதுப் பீப்பாய் வாங்கவும், விற்காமல் காத்திருக்கவும் முடியும். தரத்தால் விலை வந்தது போலவே விலையாலும் தரம் வந்தது.

மண் மட்டுமே காரணமல்ல என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் நோய்கள் இன்னொரு சான்று. வேரைத் தின்னும் பைலாக்ஸெரா பூச்சிக்குத் தப்ப, அமெரிக்க வேர்ச்செடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். மெடோக் மண்ணுக்குள் இன்று இருப்பது பெரும்பாலும் அமெரிக்க வம்சத்து வேர். அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து கிடைத்த விதமோ வேடிக்கையானது. போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகள் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து, விஷம் போலத் தோன்றச் செய்வது மெடோக்காரர்களின் வழக்கம். 1882இல் சேன்-ஜூலியான் ஊர்ப்பக்கம் போன தாவரவியலாளர் மில்லார்தே, அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிராமல் நிற்பதைக் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் முடிவை வெளியிட்டார். பாக்குக்கும் தென்னைக்கும் நம் விவசாயிகள் பயன்படுத்தும் போர்டோ கலவை அதுதான்.

இத்தனை மாறியும் ஏறக்குறைய அசையாதது 1855ஆம் ஆண்டுப் பட்டியல். பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக போர்டோ தரகர்கள் தயாரித்தது. மெடோக் தோட்டங்களோடு வெளியிலிருந்து ஓ-பிரியோனையும் சேர்த்து ஐந்து தரங்களாகப் பிரித்தது. அவர்கள் மண்ணைச் சோதிக்கவில்லை, சுவைப் போட்டியும் நடத்தவில்லை. நெடுநாள் விற்ற விலையைப் பார்த்து வரிசைப்படுத்தினார்கள். பிரான்சின் இன்னொரு ஒயின் சீமையான பர்கண்டியில் தரம் நிலத்துக்கு. மெடோக்கில் தோட்டத்தின் பெயருக்கு. அதே ஊர் எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் பட்டம் அந்த நிலத்துக்கும் நீளும். இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறிய ஒரே தோட்டம் முத்தோன் ரோத்சில்ட். உரிமையாளர் பல ஆண்டுகள் விடாமல் போராடி 1973இல் வாங்கிய உத்தரவு அது. கையெழுத்திட்டவர் அன்றைய வேளாண் அமைச்சர் ஜாக் சிராக்.