முதலில் சிறகு, பிறகு எஞ்சின்

முதுகிலே ஓர் எஞ்சின். அதன் பின்னே சுழலும் ஒரு விசிறி. தலைக்கு மேலே காற்றால் உப்பிய ஒரு துணிச் சிறகு. இவ்வளவுதான் பாராமோட்டார். நாலைந்து அடி ஓடினால் கால் தரையை விட்டு எழும்புகிறது. ஓடுபாதை வேண்டியதில்லை, பெரிய கொட்டகை வேண்டியதில்லை, முழுச் சாதனத்தையும் ஒரு காரின் பின்பக்கத்தில் அடைத்துவிடலாம். ஆகவே, இதைக் காணும் இளைஞர்கள் பலரும் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த எஞ்சினை வாங்கலாம்?' என்பதாகும்.

நேயர்களே, இந்தக் கேள்வியிலேயே ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. அது என்ன தவறு என்பதை நமக்கு வரலாறு காட்டித் தருகிறது. பறக்கும் கலையின் வரலாற்றைப் புரட்டினால், எஞ்சினை முதலில் தேடியவர்களையும் சிறகை முதலில் கற்றவர்களையும் நாம் தனித்தனியே பார்க்க முடியும். அவர்களுள் யார் நெடுநாள் பறந்தார்கள் என்பதையும் பார்க்க முடியும்.

ஜெர்மனியில் 1848-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஓட்டோ லிலியன்தால். பறவைகளின் சிறகை ஆராய்ந்து, 1891 முதல் தாமே செய்த சிறகுகளை மாட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து மிதந்து இறங்கினார். பெர்லினுக்கு அருகே பயிற்சிக்கென்றே ஒரு செயற்கைக் குன்றையும் எழுப்பிக்கொண்டார். ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 2,000 முறை பறந்தார். 1896 ஆகஸ்ட் 9-ஆம் நாள், காற்றின் திடீர் மாற்றத்தில் அவருடைய சிறகு தலைநிமிர்ந்து, வேகமிழந்து, ஏறக்குறைய 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். உடலை முன்னும் பின்னும் சாய்த்தே அவர் தம் சிறகைக் கட்டுப்படுத்தினார். அந்தக் கட்டுப்பாடு அன்றைய காற்றுக்குப் போதவில்லை.

அவரிடம் சென்று கற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்சி பில்ச்சர். இவர் தம் சிறகுக்கு எஞ்சின் பூட்ட முனைந்தார். 1899 செப்டம்பர் இறுதியில், ஸ்டான்ஃபோர்டு ஹால் என்னும் மாளிகையில் பிரமுகர்களுக்கு முன்னால் எஞ்சின் பூட்டிய வண்டியைப் பறக்கவிட்டுக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. ஆனால், எஞ்சினின் சுழல்தண்டு முன்பே உடைந்து போயிற்று. வானிலையும் சரியில்லை. வந்தவர்களை ஏமாற்றி அனுப்ப மனமில்லாமல், பில்ச்சர் தம் பழைய சிறகில் ஏறினார். வால் பகுதியின் மூங்கில் கம்பு ஒன்று நடுவானில் முறிந்தது. விழுந்த இரண்டாம் நாள் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32.

இந்த நிகழ்ச்சியை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று அவரைப் பறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவர் எவருமில்லை. பார்க்க வந்த கூட்டமே ஒரு கட்டாயமாயிற்று. இன்றும், காலையில் நண்பர்கள் திரண்டுவிட்டார்கள், படக் கருவிகள் தயாராகிவிட்டன என்பதற்காகவே பறப்பவர்கள் உண்டு. 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் துணிவு எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஆனால், சாதனங்களின் பட்டியலில் முதலிடம் அதற்கே.

இனி ரைட் சகோதரர்களிடம் வருவோம். லிலியன்தாலின் மரணச் செய்திதான் வில்பர் ரைட்டின் ஆர்வத்தைத் தூண்டியது. சகோதரர்கள் இருவரும் எஞ்சினைத் தேடி ஓடவில்லை. 1900-இலும் 1901-இலும் கிட்டி ஹாக் மணல்வெளியில் எஞ்சின் இல்லாத சிறகுகளைச் சோதித்தார்கள். கணக்குப் பொருந்தவில்லை என்று கண்டதும், ஊர் திரும்பிக் காற்றுக் குழாய் ஒன்று செய்து, சின்னஞ்சிறு சிறகு மாதிரிகளை அதில் வைத்து அளந்தார்கள். 1902-இல் மீண்டும் போய், 700-க்கும் மேற்பட்ட முறை மிதந்து இறங்கிப் பழகினார்கள். அதன் பிறகுதான் 12 குதிரைத் திறன் கொண்ட எஞ்சினைப் பூட்டினார்கள். 1903 டிசம்பர் 17-ஆம் நாள் முதல் பறப்பு 12 வினாடி. அன்றைய நான்காம் பறப்பு 59 வினாடி. அந்த 59 வினாடிக்குப் பின்னே நான்கு ஆண்டுப் பயிற்சி நின்றது.

அவர்களையும் விபத்து விட்டுவைக்கவில்லை. 1908 செப்டம்பர் 17-ஆம் நாள், ஃபோர்ட் மையரில் ஓர்வில் ரைட் ஓட்டிய விமானத்தின் சுழல்விசிறி பிளந்தது. உடன் சென்ற லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார், ஓர்வில் படுகாயமடைந்தார். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் விசிறியை விரலால் தடவிக் கீறல் உண்டா என்று பார்க்கும் வழக்கத்தை வீண் சடங்கு என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம்முடைய பக்கத்துக்கும் இந்தக் கலை விரைவிலேயே வந்துவிட்டது. 1910 மார்ச்சில், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தி வந்த ஜாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானத்தைக் கட்டச் செய்து பறந்தார். பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு முன் அதைப் பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார் என்பது நாம் கவனிக்கத் தக்கது. அடுத்த ஆண்டு, 1911 மார்ச் 16-ஆம் நாள், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்தியான்ஸ் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறந்து காட்டினார். ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில் மக்கள் விமானத்தை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

துணிச் சிறகின் கதை வேறு வழியில் வந்தது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் ரொகாலோ 1948-இல் தம் மனைவியுடன் சேர்ந்து வளையும் சிறகு ஒன்றைக் காற்றாடியாகச் செய்தார். காற்றாடி செய்பவரான டொமினா ஜால்பர்ட், 1964-இல் பல அறைகள் கொண்ட துணிச் சிறகை உருவாக்கினார். முன்வாயின் வழியே காற்றுப் புகுந்து அறைகளை நிரப்ப, துணியே சிறகின் வடிவம் பெற்றது. 1978 ஜூனில், பிரான்ஸின் மியூஸி என்ற மலையூரில், விமானச் செலவில்லாமல் பாராசூட் பழக விரும்பிய மூவர் சரிவில் ஓடிப் புறப்பட்டார்கள். பாராகிளைடிங் என்ற விளையாட்டு அங்கிருந்தே பரவியது. 1980-இல் இங்கிலாந்தின் மைக் பைர்ன் இவ்வகைச் சிறகுக்கு எஞ்சினைச் சேர்த்து, 'பாராமோட்டார்' என்ற சொல்லையும் வழங்கினார். இங்கும் வரிசை அதே வரிசைதான்: முதலில் சிறகு, பிறகு எஞ்சின்.

இந்த வரலாற்றை மனத்தில் கொண்டு சாதனங்களைப் பார்ப்போம். முதலில் வாங்க வேண்டியது பயிற்சி. அதன் பிறகு, ஆசிரியரின் யோசனையோடு சிறகு. பாராகிளைடர் சிறகுகளை ஐரோப்பியத் தரமுறை ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது. ஏ வகுப்புச் சிறகு மடங்கினாலும் பெரும்பாலும் தானே விரியும். டி வகுப்புச் சிறகு ஓட்டுபவரிடம் தேர்ந்த கையைக் கேட்கும். தொடக்கக்காரருக்கு ஏ வகுப்பும், அதற்கு நிகரான எளிய மோட்டார் சிறகும் போதும். 'சீக்கிரம் தேறிவிடுவேன், இப்போதே வேகமான சிறகை வாங்கிவிடுகிறேன்' என்பது, நாளை வளரும் என்று குழந்தைக்குப் பெரியவர் செருப்பைப் போட்டு ஓடச் சொல்வது போன்றது.

சிறகின் அளவை உடல் எடையால் மட்டும் முடிவு செய்யக் கூடாது. ஒருவர் 70 கிலோ எடையுள்ளவர் என்று கொள்வோம். எஞ்சினும் கூண்டும் 27 கிலோ; பத்து லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 7 கிலோ; சிறகு, தலைக்கவசம், உடை முதலியன 8 கிலோ. ஆக மொத்தம் 112 கிலோ. இந்தக் கூட்டுத்தொகை, சிறகின் மேல் குறித்துள்ள எடை எல்லைக்குள் அமைய வேண்டும். எல்லையைத் தாண்டினால் சிறகு வேகமும் முரட்டுத்தனமும் பெறும். மிகக் குறைந்தாலோ காற்றில் தளர்ந்து மடங்கும்.

பழைய சிறகு மலிவாகக் கிடைத்தால் இன்னும் கவனம் தேவை. நம் நாட்டு வெயில் நைலான் துணியை நைந்து போகச் செய்யும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்று துணியின் ஊடே கசிகிறதா, கயிறுகளின் நீளம் மாறிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. தகுந்த பட்டறையில் அளந்து பார்த்த சான்று இல்லாமல் வாங்கலாகாது.

எஞ்சினில் பெரியதே நல்லது என்று எண்ணுவோர் உண்டு. சந்தையில் 80 சிசி முதல் 200 சிசிக்கு மேலும் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் கிடைக்கின்றன. மெலிந்தவர் பெரிய எஞ்சினைச் சுமந்து முழு விசையைத் திறந்தால், விசிறி சுழலும் திசைக்கு எதிராக அவர் உடல் திரும்பும்; பட்டைகள் முறுக்கிக்கொள்ளும்; தரைக்கு அருகே இது நேர்ந்தால் திருத்திக்கொள்ள நேரம் இராது. தம்மைத் தூக்கிச் செல்லப் போதுமான எஞ்சினே நல்ல எஞ்சின். விரல் நுழையாத அளவு நெருக்கமான வலையும், கைக்கு எதிர்ப்பட்டு வளையாத கூண்டும் அதைவிட முக்கியம். தரையில் எஞ்சினை முடுக்கும்போது விசிறியில் கை சிக்கி விரல்களை இழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

காப்புப் பாராசூட் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. 1797 அக்டோபரில் பாரிஸில் பலூனிலிருந்து குதித்து, பாராசூட் மனித உயிரைத் தாங்கும் என்று ஆந்த்ரே ஷாக் கார்னரன் காட்டினார். இரு நூற்றாண்டுக்கு முன்னே கிடைத்த பாதுகாப்பை இன்று வேண்டாம் என்று ஒதுக்குவது அறிவுடைமையாகாது. தண்ணீர் உள்ள இடங்களில், நீர் பட்டதும் தானே உப்பும் மிதவையும் எஞ்சினோடு இணைந்திருக்க வேண்டும். 27 கிலோ இரும்பை முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றில் விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தும் பயன் குறைவு.

சரி, படிப்படியாக முன்னேறுவது எப்படி? அனைத்துலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு பாராகிளைடிங் பயிற்சியை ஐந்து நிலைகளாக வகுத்துள்ளது. தரையை ஒட்டிப் பறப்பது முதல் நிலை. உயரத்திலிருந்து மிதந்து இறங்குவது இரண்டாவது. காற்றின் அசைவை உணர்ந்து சிறகைத் திருத்துவது மூன்றாவது. மேலெழும் காற்றில் நிலைத்துப் பறப்பது நான்காவது. நெடுந்தொலைவுப் பயணம் ஐந்தாவது. பாராமோட்டார் பழகுபவரும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். எஞ்சின் இல்லாமல் சிறகை மட்டும் திடலில் தலைக்கு மேல் நிறுத்திப் பழகும் மணிநேரங்களே அடித்தளம். லிலியன்தாலின் செயற்கைக் குன்று செய்த வேலையை இன்று இந்தத் திடல் செய்கிறது.

வேகமான 'ரிஃப்ளெக்ஸ்' சிறகுகள், செங்குத்தான சுழல் இறக்கம், தரையை உரசிப் பறத்தல் ஆகியவை பிற்காலப் பாடங்கள். ரிஃப்ளெக்ஸ் சிறகை முழு வேகத்தில் விட்டபின் பழைய பழக்கத்தால் பிரேக் கயிற்றை இழுத்தால், அதுவே சிறகை மடக்கிவிடக்கூடும். தொடக்கத்தில் உயிர் காத்த பழக்கம் பிற்பாடு உயிர் பறிக்கும் பழக்கமாகிறது. ஆகவேதான், மடங்கிய சிறகை மீட்கும் பயிற்சியைத் தண்ணீருக்கு மேலே நல்ல உயரத்தில், கீழே மீட்புப் படகு காத்திருக்க, ஆசிரியரின் குரலைக் காதில் கேட்டபடி செய்கிறார்கள்.

எவ்வளவு தேர்ந்தவருக்கும் வானிலை மேலானது. 2007 பிப்ரவரி 14-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மனிலா என்னும் ஊரில் பயிற்சி செய்த ஜெர்மானிய வீராங்கனை ஈவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் 9,900 மீட்டருக்கு மேல் இழுத்துச் சென்றது. நினைவிழந்து, உடலில் பனி படிந்து, வியக்கத்தக்க வகையில் அவர் உயிர் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. ஜொகூரில் பிற்பகல் இடிமழையை அறியாதவர் யார்? தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையிலேயே சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்றும் உண்டு. அதிகாலை என்றாலே அமைதி என்று எண்ணிவிட வேண்டாம்.

கடைசியாக, தம்போயில் நின்று மேலே பார்ப்போம். வடக்கே 1974-இல் திறக்கப்பட்ட செனாய் விமான நிலையம். நீரிணைக்கு அப்பால் செலேத்தார், தெங்கா தளங்கள். 2018 இறுதியில் செலேத்தாரில் விமானங்கள் இறங்கும் முறை பற்றி இரு நாடுகளும் வாதிட்டபோது, பாசிர் கூடாங்கில் எழும் கட்டடங்களின் உயரம்கூடப் பேச்சுக்கு வந்தது. 2019 ஏப்ரலில் உடன்பாடு ஏற்பட்டது. கட்டடத்தின் உயரத்துக்கே இவ்வளவு கணக்கு என்றால், அந்த வானில் ஒரு துணிச் சிறகு கேட்காமல் நுழையலாமா? 2018 முதல் இயங்கும் மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை அறியாமல், அனுமதி பெறாமல், குடியிருப்பும் தொழிற்சாலையும் மின்கம்பியும் நெருங்கிய இப்பகுதியில் எழும்புவது, தம் உயிரோடு விமானத்தில் வரும் நூற்றுக்கணக்கானோர் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

தம்போய்த் திடலில் சிறகை மட்டும் விரித்துத் தரையில் பழகலாம். பறப்பதற்கோ அனுமதியுள்ள தளத்தைத் தேடிப் போக வேண்டும். அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியவை, அளந்து வாங்கிய சிறகும், அடக்கமான எஞ்சினும், ஆசிரியர் கையெழுத்திட்ட பயிற்சிக் குறிப்பேடும். காற்று சரியில்லையென்றால், இவை மூன்றையும் மறுபடியும் காரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். பில்ச்சர் அன்று அதைச் செய்திருந்தால், பறத்தலின் வரலாறு வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கக் கூடும்.