தென்னங்கரையும் சேதனத் தாக்கங்களும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சேதன இரசாயனத்தைக் கற்கத் தொடங்கும் மாணவருக்கு முதலில் உணர்த்தப்படுவன தாக்கங்களின் அடிப்படை வகைகளாகும். ஓர் அணுவோ அணுக்கூட்டமோ விலக, அவ்விடத்தில் இன்னொன்று அமர்வது பிரதியீடு. இரட்டைப் பிணைப்பு திறந்து புதிய அணுக்களை ஏற்பது கூட்டல். நீர் போன்ற சிறு மூலக்கூறு பிரிந்து செல்ல இரட்டைப் பிணைப்பு உருவாவது நீக்கல். அணுக்கள் கூடாமலும் குறையாமலும் தம்முள் இடம் மாறுவது மீளொழுங்காதல். ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் இவற்றுடன் சேர்த்துக் கற்பிக்கப்படும். இவ்வகைகள் எத்தகைய சமூக வாழ்விலிருந்து கண்டறியப்பட்டன என்ற வினா வகுப்பறையில் எழுவது அரிது. புத்தளம் மாவட்டத்தின் தென்னங்கரையை முன்வைத்து அவ்வினாவை ஈண்டு ஆராய்கின்றோம்.

வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய பகுதிகளிற் கள்ளிறக்குதல் நெடுநாளைய தொழில். பாளையினின்று வடியும் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு சுக்குரோசு உண்டு. மதுவத்தின் நொதியம் அதனை நீர்ப்பகுப்புச் செய்து குளுக்கோசாகவும் பிரற்றோசாகவும் பிரிக்கின்றது. வகையால் இது பிரதியீடாகும். அவ்வெல்லங்கள் பின்னர் எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகின்றன. கள் காற்றுப்பட நின்றால் பற்றீரியங்கள் எதனோலை அசற்றிக்கமிலமாக ஒட்சியேற்ற, வினாகிரி பிறக்கின்றது. முட்டியினுள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். நொதித்தல் உயிரிகளின் செயல் என லூயி பாஸ்ரர் 1857இல் எடுத்துக்காட்டினார். காரணத்தை அவர் விளக்கினார். தாக்கத்தை வேண்டியபோது நிறுத்தும் முறையைச் சீவற்றொழிலாளர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் அவ்வறிவையும் உழைப்பையும் அனுமதிப்பத்திரத்துள் அடக்கிற்று.

கள்ளுக்குச் சீவப்படாத பாளை தேங்காயாகி, கொப்பராவாகி, எண்ணெயாகின்றது. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லோரிக்கமிலம். எண்ணெயைக் காரத்துடன் காய்ச்சக் கொழுப்பமிலத்தின் உப்பான சவர்க்காரமும் கிளிசரோலும் உண்டாகின்றன. இதன் இயல்பைப் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரோல் 1823இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பிரதியீடு என்னும் கருத்தும் மெழுகுதிரியோடு தொடர்புபடுத்தியே கூறப்படுகின்றது. பாரிசின் அரண்மனை விருந்தொன்றிற் குளோரீனால் வெளிறச்செய்த மெழுகுதிரிகள் காரப்புகை கக்கியதை ஆராய்ந்த டூமா, ஐதரசனின் இடத்தைக் குளோரீன் பிடிக்கக்கூடும் என்ற முடிவுக்கு 1834இல் வந்தார் என்பர். அதே காலத்தில், 1830ஐ அண்டி, லண்டனின் மெழுகுதிரி வணிகர் வில்லியம் வில்சனும் அவரது கூட்டாளியும் தேங்காயெண்ணெய்க் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்குரிய காப்புரிமையைப் பெற்று, இலங்கையில் 1,000 ஏக்கர் தென்னையில் முதலிட்டனர். ஐரோப்பிய அறிவு வளர்ச்சிக்கும் குடியேற்ற நாட்டின் நிலத்துக்கும் இடையிலான உறவு இங்கே தெளிவாகின்றது.

கூட்டலுக்கும் தேங்காயெண்ணெய் சான்று தரும். 1884இல் ஊபிள் வகுத்த அயடீன் பெறுமானம், எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகள் ஏற்கும் அயடீனின் அளவாகும். 100 கிராம் தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 6 முதல் 11 கிராம் அயடீனையே ஏற்கும். அதன் அமிலங்களுட் பெரும்பாலானவை நிரம்பியவை என்பது இதனாற் புலப்படும். நீக்கலை ஆய்வுகூடத்திற் காட்டவும் கள்ளின் எதனோலே போதும்: செறிந்த சல்பூரிக்கமிலத்துடன் 170 பாகை செல்சியசுக்கு வெப்பமாக்க, நீர் நீங்கி எதீன் வெளிவரும். மீளொழுங்காதலுக்கு மட்டும் கரையை விட்டுச் செல்லவேண்டும். அமோனியஞ் சயனேற்று யூரியாவாக மாறியதை 1828இல் வூலர் கண்டதே அதன் புகழ்பெற்ற சான்று.

இக்கரைக்கு நவீன இரசாயன ஆய்வு 1929இல் வந்தது. லுணுவில, பண்டிரிப்புவையில் அமைந்த தெங்கு ஆராய்ச்சித் திட்டம் பின்னர் தெங்கு ஆராய்ச்சி நிலையமாயிற்று. அதன் பணிப்பாளராயிருந்த றெஜினோல்ட் சைல்ட் தென்னை பற்றிய நூலொன்றை 1964இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கொப்பராவின் ஈரத்தை ஏறத்தாழ 6 வீதமாகக் குறைக்காவிடின் பூஞ்சணம் பற்றும், பூஞ்சணத்தின் நொதியம் கொழுப்பை நீர்ப்பகுப்புச் செய்து கட்டற்ற அமிலத்தை உண்டாக்கும், எண்ணெய் தரமிழக்கும். பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் இத்தாக்கம் சிறு தோட்டக்காரனுக்கு விலைக்குறைவாகும்.

தமிழில் இரசாயனம் எழுதும் முயற்சியோ வேறிடத்தில், வேறு நோக்கில் நிகழ்ந்தது. மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியாற் 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தது. அது மருத்துவ மாணவருக்காகப் பிறந்த நூல். 1945இல் ஆரம்ப வகுப்புகளிற் புகுந்த தாய்மொழிக் கல்வி அடுத்த தசாப்தங்களிலேதான் மேல்வகுப்பு விஞ்ஞானம்வரை விரிந்தது. அதற்கெனக் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. இன்று உடப்பிலும் கற்பிட்டியிலும் மாணவர் சேதனத் தாக்கங்களைத் தமிழிலேயே கற்கின்றனர்.

எனினும், சொல்லைத் தமிழாக்குவது பணியின் ஒரு பாதியே என்பது எமது கருத்து. நீர்ப்பகுப்பு என்னுஞ் சொல்லைக் கற்ற மாணவன், தந்தையின் கொப்பரா வாடியில் விலையைக் குறைப்பதும் அதுவே என உணராவிடின், மொழி மாறியும் அறிவு அந்நியமாகவே நிற்கும். உழைப்பு ஒரு புறமும் அதன் விளக்கம் மறுபுறமுமாகப் பிரிந்தமை குடியேற்ற ஆட்சிக்கால வரலாற்றின் விளைவு. அப்பிரிவை நீக்கும் கடமை தாய்மொழிக் கல்விக்கு உண்டு. அதற்கான சான்றுகள் கள்முட்டியிலும் கொப்பரா வாடியிலும் ஆயத்தமாகவே உள்ளன.