ஜைத்தூன் எண்ணெய்: குழந்தையின் தோலில் தடவும் முன்

ஜைத்தூன் (ஆலிவ்) மரத்தை அருள்வளம் மிக்கது என்று அல்லாஹ் திருமறையில் குறிப்பிடுகிறான் (24:35). அதன் எண்ணெயை உண்ணவும் மேனியில் பூசவும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக திர்மிதியில் ஹதீஸ் உள்ளது. அதனால்தான் பிறந்த குழந்தைக்குத் தேய்ப்பதற்கும், தோல் தடித்து அரிக்கும் இடத்தில் தடவுவதற்கும் பலர் இதையே எடுக்கிறார்கள். "பரக்கத்தான எண்ணெய், ஒன்றும் செய்யாது" என்பது நம்பிக்கை.

ஆனால் தோலின் அமைப்பையும் பார்க்க வேண்டும். தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பு, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் கிருமி நுழையாமலும் காக்கிறது. ஆலிவ் எண்ணெயில் பாதிக்கும் மேல் இருப்பது ஒலீயிக் அமிலம். இது அந்தக் கொழுப்பு அடுக்கைத் தளர்த்தக் கூடியது. தோலுக்குத் தேவையான லினோலெயிக் அமிலமோ இதில் குறைவு.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரியவர்கள் 19 பேர் முன்கையில் தினமும் இருவேளை ஆறு சொட்டு எண்ணெய் தடவி வந்தார்கள். சில வாரங்களில், ஆலிவ் எண்ணெய் பட்ட தோல் பலவீனமடைந்து லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெயில் அப்படி ஆகவில்லை. சிறிய ஆய்வுதான். ஆயினும் பெரியவர்களின் தோலுக்கே இப்படி என்றால், பச்சிளம் குழந்தையின் மெல்லிய தோலுக்கும், எக்ஸிமா உள்ள தோலுக்கும் இதைத் தவிர்ப்பதே பேணுதல்.

இது ஹதீஸை மறுப்பதாகுமா? ஆகாது. எண்ணெய் பூசுவதை நபியவர்கள் பொதுவாகக் கூறினார்கள். குழந்தைக்கு தினமும் தேய்க்கும்படியோ, எல்லாத் தோல் நோய்க்கும் இதுவே மருந்து என்றோ அந்த ஹதீஸில் இல்லை. சிகிச்சை பெறுங்கள் என்று ஏவியதும் அவர்களே. மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்பவர், விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்றும் எச்சரித்தார்கள் (அபூதாவூத், நஸாயீ). பெற்றோரும் இதை மனதில் கொள்ள வேண்டும்.

நல்ல நிலையில் உள்ள பெரியவர்கள் தலைமுடிக்கும், சொரசொரப்பான குதிகாலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். புதிதாகத் தடவுவோர் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது பூசி, இரண்டொரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் உளூ கூடும். தண்ணீர் தோலில் பட்டு ஓடினால் போதும். குழந்தைக்குத் தோல் வெடித்தாலோ நீர் கசிந்தாலோ எண்ணெயைத் தேடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.